ஈரடுப்பும் ஒரு குடியும்

(நம் சங்கத்தின் ஆண்டுக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



தொழில் நாடி நகரங்களுக்குச் சென்றோர் குடும்பங்கள் இங்கும் அங்குமாக எவ்வாறு வாழ்க்கை நடத்துகின்றன என்பது பற்றிச் சில சொல்லுமாறு செயலாளர் அவர்கள் எம்மைப் பணித்தார்கள். பொருள் புதியதன்று. இம்மண்டபத்தில் அமர்ந்திருப்போருள் ஒரு பாதியினர் நேற்றிரவு பேருந்திலும் புகைவண்டியிலும் ஏறி இன்று விடியலில் சென்னையினின்றும் வந்திறங்கியவர்கள். மறுபாதியினர் அவர்களுக்குக் காலையுணவு ஆக்கிவிட்டு வந்தவர்கள். ஆதலின் யாம் சொல்லப் புகுவது உங்கட்குத் தெரியாததன்று. தெரிந்தும் நம் கணக்கில் எழுதாது விட்டது ஒன்று உளது. அதனையே ஈண்டுப் பேச விழைகின்றோம்.

மக்கள்தொகைக் கணக்கெடுப்போர் குடும்பம் என்பதற்கு ஓர் இலக்கணம் வகுத்துள்ளனர். வழக்கமாக ஒருங்கு வாழ்ந்து, ஒரே அடுக்களையில் உண்போர் யாவரோ அவரே ஒரு குடும்பத்தார் என்பது அவ்விலக்கணம். இலக்கணம் என்ற அளவில் அது செவ்வியதே. ஆனால் அருப்புக்கோட்டைப் பக்கத்துச் சிற்றூர் ஒன்றில் மனைவியும் மக்களும் முதிய பெற்றோரும் இருக்க, தான் சென்னைத் திருவல்லிக்கேணியில் மேன்ஷன் அறையொன்றில் மூவரோடு தங்கி மெஸ்ஸில் உண்டு வருபவனை அஃது என்செய்யும்? அக்குடும்பத்தினின்றும் பிரித்து வேறிடத்தில் எழுதிவிடும். 2011-ஆம் ஆண்டுக் கணக்கின்படி தமிழ்நாட்டில் நூற்றுக்கு 48 பேர் நகரவாசிகள்; இந்தியா முழுமைக்கும் 31 பேர். அந்நாற்பத்தெண்மருள் எத்துணைப் பேருக்கு ஊரில் மற்றோர் அடுப்பு எரிகின்றது என்பதை அக்கணக்குக் கூறாது. அதே கணக்கில் இடம்பெயர்ந்தோர் என எழுதப்பட்டோர் ஏறத்தாழ 45 கோடியர். அவருள் மிகப் பெரிய பிரிவினர் மணம் முடித்துக் கணவனூர் சென்ற மகளிரே. தீபாவளிக்கும் பொங்கலுக்கும் சித்திரைக்கும் வந்து மூன்றாம் நாள் திரும்பும் ஆடவன் அதில் தெளிவாகத் தோன்றுவதில்லை.

தமிழ் இவ்வகையிற் சற்று இடந்தருவது. குடி என்னும் சொல் வீட்டையும் குறிக்கும், வீட்டிலுள்ளாரையும் குறிக்கும், அவர்தம் மரபையும் குறிக்கும். உழுபவனைக் குடியானவன் என்கின்றோம். வாடகையைக் குடிக்கூலி என்கின்றோம். நம்மவருட் பலர் இங்கே குடியானவராய் இருந்துகொண்டே அங்கே குடிக்கூலி செலுத்துகின்றனர். அடுப்பு இரண்டாயினும் குடி ஒன்றே என்பதை யாரும் நமக்கு எடுத்துரைக்க வேண்டுவதில்லை. அவ்வொரு குடியை ஊரிலிருந்து நடத்துபவர் யார், அவர்க்கு நாம் என்ன உரிமை தந்துள்ளோம் என்பதே வினா.

பிரிவு நம் இலக்கியத்திற்குப் புதியதன்று. பொருள் தேடப் பிரிதலைப் பாலைத்திணையில் வைத்துப் புலவர் பாடினர். கடல் கடந்து செல்லுங்கால் மகளிரை உடன்கொண்டு செல்லும் வழக்கமில்லை என்பதும் தொல்காப்பியத்திற் காணப்படும். பட்டினப்பாலைத் தலைவனோ காவிரிப்பூம்பட்டினமே கிடைப்பதாயினும் மனைவியைப் பிரிந்து வாரேன் என்று செலவைத் தவிர்த்தவன். தலைவியின் வளை நெகிழ்ந்ததும் சுவரிற் கோடிட்டு நாளெண்ணியதும் அப்பாக்களால் நாம் அறிவோம். பசுவுக்கு வைக்கோல் யார் வாங்கினார், மாமனார் நோயுற்றபோது மருத்துவனை யார் அழைத்தார் என்பவற்றை அவை கூறா. புலவர்க்கு அஃது வேண்டப்படாத செய்தி. நமக்கு அஃதே செய்தி.

நம் ஊர்கள் வானம் பார்த்தவை. வடகிழக்குப் பருவமழை கண்மாயை நிரப்பினால் நெல். குறைந்தால் மிளகாயும் பருத்தியும் சிறுதானியமும். பொய்த்தால் சீமைக்கருவேலை வெட்டி மூட்டம் போட்டுக் கரி. இதனாற் குடும்பம் முழுமையும் ஆண்டு முழுமையும் உண்ண இயலாது என்பது நம் பாட்டனார் காலத்திலேயே தெளிவாயிற்று. ஆதலின் மளிகைக் கடைக்கும் ஜவுளிக் கடைக்கும் கட்டட வேலைக்கும் உணவகத்திற்கும் ஒருவர் பின் ஒருவராகச் சென்றோம். சிலர் திருப்பூரும் கோவையும் சென்றனர். சிலர் மும்பைத் தாராவி வரையிற் சென்றனர். இதனை விரித்துரைக்க வேண்டுவதில்லை.

நகரத்தான் அனுப்பும் பணம் எல்லோருக்கும் தெரியும். அஞ்சல் நிலையத்தில் மணியார்டர் முறை 1880-இல் தொடங்கியது முதல் அது எழுதப்பட்டு வருகின்றது. இன்று கைப்பேசியில் தொகையைத் தட்டினால் கண்ணிமைக்குமுன் போய்ச் சேர்கின்றது. அதற்கும் தேதியும் எண்ணும் உண்டு. ஊரிலிருந்து நகரத்திற்குச் செல்வதற்கோ எவ்வெழுத்தும் இல்லை. ஆம்னிப் பேருந்தின் அடியறையில் ஏறும் அரிசி மூட்டை, மிளகாய்த் தூள், கருப்பட்டி, வடகம், ஊறுகாய் ஆகியவற்றைச் சற்று எண்ணிப் பாருங்கள். இவையேனும் கண்ணாற் காணத்தக்கவை. மஞ்சட்காமாலை வந்தவன் எங்கே வந்து படுக்கின்றான்? கடை முதலாளியோடு பிணங்கியவன் அடுத்த வேலை கிடைக்கும் வரையில் எங்கே வந்து இருக்கின்றான்? நகரத்திலேயே குடியேறிய மகளின் தலைப்பிள்ளை எந்த வீட்டிற் பிறக்கின்றது? தங்கைக்கு வரன் பார்ப்பதும், பங்காளி வீட்டு இறப்பிற்குச் சென்று நிற்பதும், மொய் எழுதுவதும், எழுதிய மொய்யைத் திரும்பப் பெறுவதும் யாருடைய வேலை? முதிய பெற்றோரைப் பேணச் சென்னையில் ஓர் ஆள் அமர்த்தினால் திங்கட்குக் கூலி என்ன ஆகும் என்று இங்குள்ள நகரத்து அன்பர் யாரேனும் விசாரித்தறிந்து, தாம் ஊருக்கு அனுப்பும் தொகையின் பக்கத்தில் அதனை எழுதிப் பார்ப்பாராக. பணம் அனுப்புபவன் குடும்பத்தைக் காப்பாற்றுகின்றான் என்று உலகம் சொல்கின்றது. உண்மையே; ஆனால் பாதி உண்மை.

2020-ஆம் ஆண்டு மற்றைப் பாதியை வெளிப்படுத்திற்று. அவ்வாண்டு மார்ச்சு 25 முதல் நாடெங்கும் ஊரடங்கு, பேருந்தில்லை, புகைவண்டியில்லை. மே 5-இல் கோயம்பேட்டுச் சந்தையும் மூடப்பட்டது. அங்கே மூட்டை தூக்கியோர் கடலூருக்கும் விழுப்புரத்திற்கும் அரியலூருக்கும் திரும்பினர். நம்மவரும் அனுமதிச் சீட்டு பெற்றும் பெறாமலும் வந்து சேர்ந்தனர். நகரத்து அடுப்பு அணைந்துவிட்டது. அனுப்பும் பணமும் நின்றது. அத்திங்கள்களில் அவர்களுக்குச் சோறிட்டது எது? பங்கீட்டுக் கடை அரிசியும், மனைவியர் சேர்த்து வைத்திருந்த தானியமும், மகளிர் குழுவில் அவர்கள் பெயரிற் கிடைத்த கடனும், அவர்கள் வளர்த்த ஆடுகளுமே. தருமபுரியில் 1989-இல் மகளிர் குழுக்கள் தொடங்கப்பெற்றபோது எள்ளி நகையாடியவர் பலர் இருந்திருப்பர். அத்தகைய குழுக் கடனாற் கஞ்சி குடித்தவர் சிலர் இம்மண்டபத்திலும் உளர், பெயர் சொல்லமாட்டோம்.

நிற்க. இத்துணையும் செய்பவளுக்கு அதிகாரம் என்ன இருக்கின்றது என்று பார்ப்போம்.

புரட்டாசிக் கடைசியில் ஒருநாள் நல்ல மழை பெய்கின்றது. ஈரம் காயுமுன் விதைக்க வேண்டும். ஊரில் இருக்கும் டிராக்டர் இரண்டு, கேட்போர் நாற்பதின்மர். உழவு கூலிக்குப் பணம் கொடுக்கலாமா, இவ்வாண்டு மிளகாயா குதிரைவாலியா என்று கணவனைக் கேட்க அவள் கைப்பேசியை எடுக்கின்றாள். அவன் கடையில் வியாபார நேரம். இரவு பத்து மணிக்குத்தான் எடுப்பான். அதற்குள் டிராக்டர் அடுத்த புஞ்சைக்குப் போய்விடும். அவள் தானே முடிவு செய்தால் விளைந்தபோது வியப்பில்லை. விளையாதபோது, கேட்காமற் செய்தாய் என்ற சொல் உண்டு.

பட்டா யார் பெயரில் உளது? பெரும்பாலும் மாமனார் பெயரில். அவர் காலமாகிப் பத்தாண்டு ஆகியிருக்கும். வாரிசுச் சான்று வாங்கவும் பட்டா மாற்றவும் அண்ணன் தம்பி நால்வரும் ஒருங்கே வர வேண்டும். நால்வரும் நான்கு நகரங்களில் இருக்கின்றனர். பட்டாவில் உயிருள்ளவர் பெயர் இல்லாமையாற் கூட்டுறவுச் சங்கத்திற் பயிர்க்கடன் தடைப்படும். வறட்சி நிவாரணம் தடைப்படும். நிலமுடைய குடும்பத்திற்கு ஆண்டுக்கு ரூ. 6,000 தருவதாக 2019-இல் மத்திய அரசு தொடங்கிய உதவியும் தடைப்படும். உழுவித்தவளும் களை எடுத்தவளும் காவல் காத்தவளும் அவளே. தாளில் அவள் இல்லை. 2015-16 வேளாண் கணக்கெடுப்பின்படி இந்தியாவில் மகளிர் பெயரில் நடத்தப்பெறும் நிலவுடைமைகள் நூற்றுக்குப் 14 மட்டுமே. ஆடவர் வெளியூர் சென்ற சிற்றூர்களில் வயலில் நிற்போரைத் தலையெண்ணிப் பார்த்தவர் எவரும் இவ்வெண்ணை நம்பமாட்டார். வயலும் தாளும் வேறு வேறாய் இருப்பதற்கு இதனின் மேற்பட்ட சான்று வேண்டுவதில்லை.

வங்கியிலும் இதுவே. கணக்கு அவள் பெயரில் இருப்பினும் அதனோடு இணைக்கப்பட்ட கைப்பேசி எண் கணவனுடையதாக இருக்கும். கணக்குத் தொடங்கிய காலத்தில் வீட்டில் இருந்தது அஃதொன்றே. அவள் இங்கே வரிசையில் நிற்பாள். ஓ.டி.பி. என்னும் இரகசிய எண் சென்னையில் நான்காம் மாடிச் சாரத்தின்மேல் நின்று பூசுவேலை செய்பவனின் சட்டைப்பையில் வந்து ஒலிக்கும். அவன் கரண்டியைக் கீழே வைத்து, கையைத் துடைத்து, எண்ணைப் படித்துச் சொல்லுமுன் அதன் ஆயுள் முடிந்துவிடும். இதனைக் கேட்டுச் சிரிக்கின்றீர்கள். பக்கத்தில் இருக்கும் தாய்மார்கள் சிரிக்கவில்லை என்பதையும் கவனியுங்கள்.

பங்கீட்டு அட்டை வகையில் வழி சற்று எளிதாயிற்று. 2020 முதல் எவ்வூர்க் கடையிலும் கைரேகை வைத்துப் பொருள் பெறலாம். நகரத்தில் இருப்பவன் தன் பகுதியை அங்கே வாங்கினால் எஞ்சியதை ஊரில் வாங்கலாம். ஓர் அட்டை, ஈரடுப்பு. குடும்பம் என்பதை அடுக்களையைக் கொண்டு அளவாமல் உள்ளபடி அறிந்து செய்த ஏற்பாடு இது. 2023 செப்டம்பர் 15-இல் தமிழ்நாட்டு அரசு மகளிர் உரிமைத்தொகை தொடங்கியபோது விண்ணப்பத்தில் குடும்பத் தலைவி என்று எழுதிற்று. அத்தொகை பற்றி அவரவர்க்கு அவரவர் கருத்து இருக்கலாம்; அச்சொல்லைப் பற்றி எமக்கு ஐயமில்லை.

பெண்ணின் பெயரில் நிலமும் பணமும் இருப்பின் குடும்பம் சிதறும் என்று சில பெரியோர் கூறுவர். பிறந்த வீட்டுச் சொத்தில் மகளுக்கும் பங்கு என்று தமிழ்நாடு 1989-இல் சட்டம் செய்தது. 2005-இல் மத்திய சட்டமும் அவ்வாறே ஆயிற்று. குடும்பங்கள் இருக்கின்றன. இதற்குச் சட்டத்தைக் காட்டிலும் நல்ல சான்று நம் அண்டையிலேயே உண்டு. செட்டிநாட்டு நகரத்தார் பர்மாவிலும் மலேயாவிலும் கொண்டுவிற்ற காலத்தில், ஏறத்தாழ மூன்றாண்டுத் தவணையில் ஆடவர் கடல் கடந்து செல்வர். வீட்டை நடத்தியோர் ஆச்சிமாரே. மகனுக்கு மணமானதும் அவனையும் மருமகளையும் வேறு வைத்தல் என்பது அவர்கள் மரபு. வேறு வைத்தல் என்றால் வீட்டைவிட்டு வெளியேற்றுதல் அன்று. ஒரே கூரையின்கீழ்த் தனி அடுப்பும் தனி வரவுசெலவும் தருதல். பெண்ணுக்கு வந்த சீதனப் பணம் அவள் பெயரிலேயே பற்றுவரவில் நின்று வட்டி ஈட்டும். மருமகள் மணமான நாள் முதலே ஒரு சிறு குடும்பத்தின் கணக்கை நடத்திப் பழகினாள். அதனாற் கணவன் மூன்றாண்டு இல்லாதபோதும் வீடு தடுமாறவில்லை.

அவர்கள் ஈட்டியது சிறிதன்று. 1930-களின் இறுதியிற் கீழ்ப் பர்மாவின் முக்கிய நெல் மாவட்டங்களில் ஏறத்தாழ நாலில் ஒரு பங்கு நிலம் அவர்கள் வசம் வந்திருந்தது. 1942-இல் சப்பானியர் இரங்கூனைக் கைப்பற்றினர். இந்தியர் இலட்சக்கணக்கில் காட்டு வழியே நடந்து வந்தனர். கடலுக்கு அப்பால் இருந்த நிலம் போயிற்று. ஊரில் இருந்த அடுப்பு நின்றது. நாம் வணிகரல்லேம், அவர்தம் செல்வமும் நமக்கில்லை. ஆயினும் வீட்டில் இருப்பவளுக்குக் கணக்கைக் கொடுத்துப் பழக்கும் வழக்கத்திற்குச் செல்வம் வேண்டுவதில்லை, ஒரு நோட்டுப் புத்தகமே போதும்.

நகரத்தில் இருப்பவன் இன்பமாக வாழ்கின்றான் என்று யாம் சொல்வதாக யாரும் கொள்ளற்க. அறையில் நால்வர்; கழிவறை ஒன்று. காலை எட்டு முதல் இரவு பத்துவரை நின்றபடி வேலை. ஊருக்கு வர நினைத்தால் புகைவண்டியில் இடமில்லை. முன்பு 120 நாட்களுக்கு முன்னரே தொடங்கிய முன்பதிவு 2024 நவம்பர் முதல் 60 நாட்களாகக் குறைந்தது. பொங்கற்காலத்து இடங்கள் இன்றும் சில நிமிடங்களில் தீர்ந்துவிடுகின்றன. தென்மாவட்டப் பேருந்துகள் 2023-ஆம் ஆண்டு இறுதிக்குப்பின் கிளாம்பாக்கத்திற்கு மாறியதனால், வடசென்னையில் வேலை செய்பவன் பேருந்து ஏறுமுன்னரே ஒரு பயணம் செய்து முடிக்கின்றான். இத்துன்பங்களை அவன் மனைவியிடம் கூறுவதில்லை. கடன் வாங்கியதையும் கூறுவதில்லை. அவளும் தன் காய்ச்சலைக் கூறுவதில்லை. மகன் கணக்குப் பாடத்தில் தவறியதையும் கூறுவதில்லை. நாள்தோறும் பேசுகின்றனர், முகம் பார்த்தே பேசும் வசதியும் வந்துவிட்டது. ஆயினும் முன்னாளில் மாதம் ஒருமுறை கடிதம் எழுதியோர் இதனினும் மிகுதியாகச் சொன்னார்களோ என்று எமக்குச் சில வேளைகளில் ஐயம் எழுகின்றது. கடிதத்தை எழுதுபவர் எதிரே முகம் இல்லை. ஆதலின் உண்மை எழுதுவது எளிது.

பிள்ளைகளைப் பற்றிச் சொல்ல எமக்குச் சற்று உரிமை உண்டு; இருபதாண்டாக வகுப்பறையில் நிற்கின்றோம். தந்தை வந்து திரும்பிச் சென்ற மறுநாள் பள்ளிக்கு வாராத பிள்ளைகளை ஆண்டுதோறும் காண்கின்றோம். வயிற்றுவலி என்று கடிதம் வரும். அவ்வலிக்கு மருந்து இரண்டு நாள். தாயும் தந்தையும் இருவருமே சென்றுவிட, பாட்டியிடம் வளரும் பிள்ளைகள் வேறொரு வகையினர். பாட்டி அன்பு செலுத்துவார், அதட்டமாட்டார், பள்ளியிலிருந்து வரும் தாளைப் படிக்கவும் இயலாது. எட்டாம் வகுப்புவரை தாங்கும். ஒன்பதாம் வகுப்பில் ஆண்பிள்ளைகள் நழுவத் தொடங்குவர். பிள்ளைகளை உடன் அழைத்துச் சென்றோர் ஆண்டின் நடுவே திரும்பி வந்தாலும் அஞ்சற்க. மாற்றுச் சான்றிதழ் வரத் தாமதம் என்ற காரணத்தால், எட்டாம் வகுப்பு வரையில், எந்த அரசுப் பள்ளியும் அரசுதவி பெறும் பள்ளியும் சேர்க்கையை மறுக்கலாகாது என்பது 2010 ஏப்பிரல் முதல் நடைமுறைக்கு வந்த கல்வி உரிமைச் சட்டம். இதனை அறியாது பிள்ளையை ஆறு திங்கள் வீட்டில் வைத்திருந்தோர் நம்முள் உளர்.

இனி நம் சங்கத்தின் பக்கம் வருவோம். அரசையும் வங்கியையும் குறை கூறிவிட்டு நம் நோட்டைத் திறவாது போதல் முறையன்று.

நம் ஊர்களில் கோயிற் கொடைக்கும் பொதுச் செலவிற்கும் தலைக்கட்டு வரி எழுதுகின்றோம். மணமான ஆடவன் ஒரு தலைக்கட்டு. வரி தண்டுவோர் வீட்டு வாயிலில் வந்து நிற்கும்போது பணத்தை எடுத்துக் கொடுப்பவள் மனைவி. இரசீது எழுதப்படுவது எண்ணூறு கல் தொலைவில் இருந்தாலும் கணவன் பெயருக்கு. சில ஊர்களில் கணவனை இழந்தவளை அரை வரி என்கின்றனர். வரியைக் குறைத்தல் இரக்கம். ஆளையும் பாதியாக எண்ணுதல் இரக்கமன்று. சங்கத்தின் உறுப்பினர் பதிவேடும் அத்தலைக்கட்டு நோட்டைப் பார்த்தே எழுதப்பட்டது. ஆதலின் ஊர்க்கிளைக் கூட்டத்திற்கு அழைப்பு அனுப்பினால் அழைக்கப்பட்டவர் சென்னையில் இருக்கின்றார்; வரக்கூடியவர்க்கு அழைப்பில்லை. கூட்டத்திற்கு ஆள் வரவில்லை என்று நாம் வருந்துகின்றோம்.

கல்வி உதவிப்பணத்திலும் அதே முடிச்சு. விண்ணப்பத்தில் தந்தை நேரில் வந்து கையொப்பமிட வேண்டும் என்று விதி வைத்திருக்கின்றோம். விதி செய்தோர் காலத்தில் தந்தையர் ஊரில் இருந்தனர். அவர்கள் மேற் குற்றமில்லை. சென்ற ஆண்டு பன்னிரண்டாம் வகுப்பில் நல்ல மதிப்பெண் பெற்ற ஒரு பெண்ணின் விண்ணப்பம் கடைசித் தேதிக்கு நான்கு நாள் கழித்து வந்தமையால் தள்ளப்பட்டது. தந்தைக்குக் கடையில் விடுமுறை கிடைத்த நாள் அதுவே. தாய் முதல்நாளே தாளை நிரப்பிக் கொண்டுவந்தார். கையொப்பம் செல்லாது என்று திருப்பி அனுப்பப்பட்டார். அப்பெண் கல்லூரியிற் சேராது இன்று அருகிலுள்ள நகரத்தில் ஒரு துணிக்கடையில் நிற்கின்றாள். வீட்டிலிருந்து மூன்றாவதாக ஒருவர் புறப்பட்டுவிட்டார்.

எம் வேண்டுகோள் இரண்டே. உறுப்பினர் பதிவேட்டில் ஒவ்வொரு தலைக்கட்டிற்கும் நேரே ஊரில் இருந்து குடும்பம் நடத்துபவர் பெயரையும் அவர்தம் கைப்பேசி எண்ணையும் எழுதி, அழைப்பும் இரசீதும் அவர்க்கே அனுப்புதல் ஒன்று. உதவிப்பண விண்ணப்பத்தில் தந்தை கையொப்பம் என்றிருக்கும் இடத்தில் தாய் அல்லது தந்தை என்று அச்சிடுதல் மற்றொன்று. இதற்கு விதித்திருத்தம் வேண்டுமெனில், ஆடவர் பெண்டிர் இருபாலாரும் ஊரில் இருக்கும் இந்நாளிலேயே, இந்த அவையிலேயே அதனை நிறைவேற்றலாம். இவ்வாண்டுப் படிவம் இன்னும் அச்சகத்திற்குச் செல்லவில்லை என்று செயலாளர் அவர்கள் சற்றுமுன் எம்மிடம் தெரிவித்தார்கள்.